கருக்கன்விளையில் ஆள் இல்லை

2068 ஆம் ஆண்டு ஆடித் திங்கள் எட்டாம் நாள், கருக்கன்விளை மக்கள் மனிதர் அல்லர் என்று ஓர் இயந்திரம் முடிவு செய்திருந்தது வெளிப்பட்டது. அம்முடிவைத் திருத்த வேண்டியவர்கள், அதனை விடுத்து மக்களைத் திருத்தப் புறப்பட்டார்கள். முறையீடு இவ்வளவே. பிற யாவும் அது நிகழ்ந்த விதம்.

அன்று முற்பகலில், குண்டுக் களத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் குணசீலி தம் இருக்கையில் இருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். களக் காவல் அலுவலர். அதே ஊரில் பிறந்து அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். வானிலிருந்து தரை இலக்கைத் தாக்குவதற்கு விமானங்கள் பழகும் அந்நிலம், ஊருக்கும் கடலுக்கும் இடையே செம்மணல் தேரியாக விரிந்து கிடந்தது. தேரியில் பனையும், முந்திரி காய்க்கும் கொல்லாமரமும் நின்றன. நிலம் வான்படையினுடையது, மரங்கள் ஊராருடையவை. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே கருக்கன்விளை மூன்று தலைமுறைகளாகப் பிழைத்து வந்தது.

விமானிகள் விமானம் ஓட்டிய காலத்தில், கோபுர உச்சியில் செங்கொடி ஏறிவிட்டால் எவரும் தேரிக்குள் கால் வைக்கலாகாது. கொடி பெரும்பாலான நாள்களில் பறந்தது. பனம்பழம் மரத்தடியிலேயே கிடந்து அழுகியது. பிறகு ஆளில்லா விமானங்கள் வந்தன. அவற்றோடு ‘காவற்கண்’ வந்தது. களத்தில் உயிருள்ள மனிதர் ஒருவர் நின்றாலும் அக்கண் கண்டுகொள்ளும். கண்டால் குண்டு விழாது. ஆகவே கொடி நிலையாக இறங்கியது. “இனி எந்நேரமும் உங்கள் மரங்களிடம் செல்லலாம்” என்று அறிவித்தார்கள். ஊர் அன்று தெருவெங்கும் இனிப்பு வழங்கிக் கொண்டாடியது.

இலக்குகளும் மாறின. பழைய மரப்பலகைகளும் துருப்பிடித்த லாரிகளும் அகன்று, வெப்பப் பாவைகள் நடமாடத் தொடங்கின. மனித உடலின் சூடு, மனித நடை, வேட்டி, சேலை யாவும் அவற்றுக்கு உண்டு. ஊர்ப் பெண்கள் அவற்றுள் ஒன்றுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயரிட்டிருந்தார்கள். சொன்ன இடத்துக்கு மறுபேச்சின்றிப் போகும் ஒரே ஆண்பிள்ளை அதுதான் என்பது அவர்கள் துணிபு.

கருக்கன்விளைக்கு ஒரு வழக்கம் உண்டு. விமானம் தாழப் பறந்து வரும்போது, பேசிக்கொண்டிருப்பவர் அப்படியே நிறுத்திவிடுவார். இரைச்சல் கடந்தபின், விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. திருமணத்தின்போது போதகர், “இவளை உன் மனைவியாக” என்று தொடங்கி, விமானம் போனபின் “ஏற்றுக்கொள்ளுகிறாயா?” என்று முடிப்பார். மணமகனுக்கு யோசிக்க அவகாசம் கிடைத்தது என்று ஊரார் நகைப்பார்கள். சண்டையிடுவோரும் கையை ஓங்கியபடியே காத்திருப்பார்கள். தொட்டிலில் உறங்கும் குழந்தைகூட விழிப்பதில்லை.

அன்று ஆடிக் காற்று செம்மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் சிவப்பைத் தவிர வேறொன்றும் புலப்படவில்லை. எதிரிலிருந்த திரையில், ‘பாவை ஐந்து, ஆள் இல்லை’ என்று கண்டிருந்தது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்பு, “களம் திறந்தது” என்று மனிதக் குரல் ஒன்று சொல்ல வேண்டும் என்பது விதி. குணசீலி சொன்னார். விமானம் இறங்கியது. காற்று ஒரு கணம் ஓய்ந்தது. அக்கணத்தில், ஐந்து உருவங்களுள் ஒன்று தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தது.

பாவைகளுக்கு வியர்ப்பதில்லை.

“களம் மூடியது! மூடியது!” என்று அவர் அலறியபோது, குண்டு விமானத்தை விட்டு நீங்கியிருந்தது.

பயிற்சிக் குண்டுதான், வெடிக்காது, விழுந்த இடத்தைக் காட்டுவதற்குப் புகை மட்டும் கக்கும். ஆயினும் இரும்பு இரும்பே. அது மணலில் பட்டுத் துள்ளி, குணசீலியின் தம்பி ஜெபத்துரையின் வலக்காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. மருத்துவர்களால் அக்காலைக் காப்பாற்ற இயலவில்லை.

ஜெபத்துரை வீடு திரும்பிய மறுநாள், களத்தின் தலைமை அலுவலரான விங் கமாண்டர் நஞ்சப்பன் அவனைக் காண வந்தார். கோவைப் பக்கத்தவர், இங்கு வந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன, தீயவர் அல்லர். கட்டிலருகே நாற்காலியின் நுனியில் அமர்ந்து, குணசீலி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் கையில் ஏந்தியபடி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவித்தார். விபத்தன்று ஜெபத்துரையோடு தேரியில் நின்ற இசக்கியம்மாளும் அங்கிருந்தார். ஆடு மேய்ப்பவர், தம் நாவையும் மேய்ச்சலுக்கு அவிழ்த்து விட்டவர்.

“குடிங்க சார், ஆறிப்போவுது,” என்றான் ஜெபத்துரை. “குண்டு போட்டவியளுக்குக் காப்பி குடுக்கப்படாதுன்னு சட்டம் ஒண்ணும் கெடையாது.”

“மன்னிச்சுக்கோங்க தம்பி. ஏன் இப்புடி ஆச்சுன்னு கண்டுபுடிச்சுட்டோமுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“ஏன், ஒங்க கண்ணு அவிஞ்சு போச்சாக்கும்?” என்றார் இசக்கியம்மாள்.

“கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. பாவைக்கும் சூடு இருக்குது, ஆளுக்கும் சூடு இருக்குது. ரெண்டும் நடக்குது. அப்ப எதை வெச்சு ஆளுன்னு சொல்றது? நாங்க அதுக்குச் சொல்லிக் குடுக்கலீங்க. நாட்டுல இருக்குற அத்தனை களத்தையும் பாத்துப் பாத்து அதுவே ஒண்ணு கத்துக்கிச்சு. விமானம் தலைக்கு மேல வந்தா, ஆளா இருந்தா பயப்படுவான். அண்ணாந்து பாப்பான், குனிவான், ஓடுவான். பாவை அப்புடி எதுவும் செய்யாது. பயந்தா ஆளு, பயப்படலீன்னா பாவை. இது வரைக்கும் எல்லா ஊர்லயும் சரியாத்தான் இருந்துச்சு.”

“எங்க ஊர்ல?” என்று கேட்டார் குணசீலி.

“இங்க யாருமே பயப்படறதில்லீங்களே, மேடம்.”

இசக்கியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்போ நாம எல்லாரும் பொம்ம! கேட்டியாலே ஜெபத்துரை? ஒன் பொண்டாட்டி கலியாணமான மறுநாளே சொன்னா, நீ வெறும் மரக்கட்டன்னு. அந்த மெசினுக்கு இப்பந்தான் தெரிஞ்சிருக்கு.”

“ஒன்னையும் சேத்துத்தான் மயினி பொம்மன்னு சொல்லுது.”

“நான் பொம்மையாவே இருந்துட்டுப் போறேன். பொம்மைக்கு மூட்டுவலி வராதுல்லா?”

குணசீலி சிரிக்கவில்லை. “அஞ்சு வருசமா ஒண்ணும் ஆவலியே சார்?”

“இத்தன நாளும் பாவைங்க ஒரு பக்கம் நின்னுச்சுங்க, உங்க ஆளுங்க ஒரு பக்கம் நின்னாங்க. ஆளுன்னு அது உங்கள என்னைக்குமே எண்ணுனதில்லீங்க. அன்னைக்குத்தான் ரெண்டு கூட்டமும் ஒரே எடத்துல நின்னிருக்குது.”

“சரி. ஆளுக்கு ஒரு அடையாள வில்லைய செஞ்சு கழுத்துல மாட்டி விடுங்க. வில்ல இருந்தா ஆளு. முடிஞ்சுது.”

“நானும் அதைத்தாங்க கேட்டேன். தலைமையகத்துல ஆகாதுன்னுட்டாங்க. வில்லை மாட்டுனா அது வில்லையத்தான் தேடும். நாளைக்கு நெசமான போர்ல, வில்லை இல்லாத சனங்க எதிர்ல வந்தா? இங்க பழகுனதைத்தானே அங்க செய்யும்?”

குணசீலி அவரை உற்று நோக்கினார். “நீங்க சொல்றது நாயந்தான் சார். நானும் ஒண்ணு கேக்கேன். போரு நடக்க ஊர்ல, வருசக்கணக்கா குண்டுக்கு அடியிலேயே கெடக்க சனம், வார ஒவ்வொரு விமானத்தையும் அண்ணாந்தா பாத்துக்கிட்டிருக்கும்? அவியளும் எங்கள மாதிரித்தான சார் இருப்பாவ? அடுப்புல ஒலை கொதிக்கும், பிள்ளைக்குப் பசிக்கும். அவியளும் அப்போ பொம்மையா?”

நஞ்சப்பன் காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

“என்ன செய்யப் போறீய?” என்றான் ஜெபத்துரை.

“ஒரு பயிற்சி குடுக்கச் சொல்லி உத்தரவு. விமானம் வந்தா எப்புடிப் பயப்படோணும்னு.”

“யாருக்கு, மெசினுக்கா?”

“உங்களுக்குங்க.”

“பட்டாளத்துல பயப்படாம இருக்கத்தான் பயிற்சி குடுப்பாவன்னு கேள்விப்பட்டிருக்கேன்,” என்றான் ஜெபத்துரை. “வர மாட்டோம்னு சொன்னா?”

“வேலி போட்டுருவாங்க. அப்பறம் மரங்கள மறந்துட வேண்டியதுதானுங்க.”

மரங்களை மறந்துவிட்டால் கருக்கன்விளையில் உண்பதற்கு மணல் மட்டுமே எஞ்சும். இதனை நஞ்சப்பனும் அறிவார்; அதனால்தான் அவர் தலை நிமிரவில்லை.

‘எதிர்வினைப் பயிற்சி’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அச்சத்துக்கு அச்சம் என்று பெயரிடும் துணிவு ஆணை பிறப்பித்தவர்களுக்கு இல்லை. குறித்த நாளில் ஊரார் தேரியில் திரண்டார்கள். விமானம் தலைக்கு மேல் வந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கைகளால் தலையைக் காக்க வேண்டும். முழங்காலிட்டுக் குனிய வேண்டும். ஒலிபெருக்கியில் இதனை அறிவிக்கும் பணி குணசீலிக்கு வாய்த்தது. தம் ஊராரைப் பார்த்து, தம் வாயால், “குனியுங்கள்” என்று சொல்வதற்கு அவர் கூசினார். ஆயினும் பனைகளை நினைத்துச் சொன்னார்.

மக்கள் குனிந்தார்கள். ஆனால் பழக்கமில்லாத வேலை நன்றாக வருமா? வேதமணி என்பவர் விமானம் வருவதற்கு முன்பே விழுந்து, வந்தபோது எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இசக்கியம்மாள் இரு கைகளாலும் வயிற்றில் அடித்துக்கொண்டு, இழவு வீட்டில் போலக் குரலெடுத்து அழுதார். அண்ணாந்து பார்க்க மட்டும் மறந்துவிட்டார். கோபுரத்துத் திரை அவர்களுள் எவரையும் ஆளாக எண்ணவில்லை. நடிப்பவரின் நெஞ்சு படபடப்பதில்லை, தோல் குளிர்வதில்லை. இவற்றையெல்லாம் காவற்கண் அறியும்; உடல் பதறி அசைவதும் நெஞ்சு படபடப்பதும் சேர்ந்தே நேர்ந்தால்தான் அச்சம் என்று ஏற்கும். ஊர் முழுவதிலும் ஒரே ஒருவரை மட்டும் அது மனிதர் என்று ஏற்றது. அவர் சென்னையிலிருந்து விருந்துக்கு வந்திருந்த இசக்கியம்மாளின் மருமகன். விமானத்தின் ஓசை கேட்டதும் மாமியாரைத் தள்ளிவிட்டு ஓடி, கொல்லாமரத்தின் புதருக்குள் புகுந்திருந்தார்.

“எங்க ஊர்ல எம் மருமவன் ஒருத்தந்தான் மனுசனாம்,” என்றார் இசக்கியம்மாள், வெற்றிலையை மென்றபடி. “இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்ல!”

ஊர் அன்று முழுவதும் சிரித்தது. அடுத்த ஆணை வந்தபோது சிரிப்பு நின்றது.

‘வெடிக்கும் திறனுடைய குண்டுகள், குடியிருப்பாளர்களுக்கு அண்மையில், ஆயின் பாதுகாப்பான தொலைவில், முன்னறிவிப்பின்றி வீசப்பட்டு, இயல்பான அச்சம் மீட்டெடுக்கப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.’ ஆணை இவ்வாறு இருந்தது. தீர்மானித்தவர் யார் என்று அவ்வாக்கியத்தில் இல்லை. வீசுபவர் யார் என்றும் இல்லை. இத்தகைய வாக்கியத்தை எழுதுபவர் எப்போதும் தப்பிவிடுவார். குண்டு மட்டும் ஒருவர் தலைமேல் விழும்.

ஆணையைப் படித்த குணசீலி, மறுநாள் காலையில் வழக்கம்போல் கோபுரத்தின் படிகளில் ஏறினார். இருக்கையில் அமர்ந்தார். ஒலிவாங்கியை அருகே இழுத்து, “களம் மூடியது” என்றார். பிறகு ஊரை நோக்கிய ஒலிபெருக்கியை முடுக்கினார்.

“நான் குணசீலி பேசுதேன். களம் மூடியிருக்கு. நான் இங்கனதான் இருப்பேன், எறங்க மாட்டேன். எல்லாரும் போய் அவியவிய மரத்தடியில பழம் பொறுக்குங்க. யாரும் குனிய வேண்டாம்.”

குண்டுக் களங்களில் பழைய விதி ஒன்று உண்டு. களத்தை மூடியவரே அதனைத் திறக்க வேண்டும். வெடிக்காத குண்டை அகற்ற ஒருவர் களத்தின் நடுவே நிற்கையில், மேலே இருக்கும் வேறொருவர் அறியாமல் திறந்துவிடலாகாது என்பதற்காக வகுத்த விதி அது. மூடியவர் கோபுரத்தில் இருக்கும்வரை, அவருக்கு மேற்பட்ட அதிகாரி எவரும் அம்மூடலை நீக்க இயலாது. அவர் கோபுரத்தை விட்டு அகன்றால்தான் திறக்கும் உரிமை தலைமையகத்தைச் சேரும். குணசீலி கஞ்சிப் பாத்திரத்தோடும் மாற்றுச் சேலையோடும் வந்திருந்தார்.

ஊர் தேரிக்குள் இறங்கியது. இசக்கியம்மாள் ஆடுகளோடு போனார். ஜெபத்துரை ஊன்றுகோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, மணலில் அது புதையப் புதையப் பிடுங்கி ஊன்றி நடந்தான். கோபுரத்திலிருந்து அதனைப் பார்த்த குணசீலியின் கண்கள் நிறைந்தன; அவர் துடைக்கவில்லை.

நஞ்சப்பன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“என்ன மேடம் இது? தலைமையகத்துல கொந்தளிச்சுக்கிட்டு இருக்காங்க.”

“கொந்தளிக்கட்டும்.”

“திறந்து விட்டுருங்க. தூரமாத்தானே போடப் போறாங்க? ஒரு தடவை பயந்துட்டா எல்லாருக்கும் நல்லது. உசுரு பொழைக்கும், மரமும் கையில இருக்கும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“தெரியும் சார். நீங்க நல்லவிய. அதான் ஒங்கள அனுப்பியிருக்காவ.”

நஞ்சப்பன் முகம் சுருங்கிற்று. “பயப்படறது ஒண்ணும் கேவலம் இல்லீங்க.”

“கேவலம்னு யாரு சொன்னா? எங்களுக்கு மழைக்குப் பயம், கடலுக்குப் பயம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாப் பயம். அது எங்க பயம். இது ஒங்க மெசினு கேக்க பயம். குனிஞ்சு காட்டுனாத்தான் மனுசன்னு ஒரு எந்திரம் சொல்லும், அதுக்கு நாங்க குனிஞ்சு காட்டணும். இன்னைக்குக் குனிஞ்சா எங்க பிள்ளைய பொறந்ததுல இருந்தே குனியப் படிக்கும். எந்தம்பிக்கு ஒரு காலுதான் மிச்சம் இருக்கு. அதையும் குடுத்து அவன் மனுசன்னு பேரு வாங்கணுமா?”

“உங்க வேலை போயிரும்.”

“போவட்டும். எடுக்க வாரவிய படியேறி வந்து நாற்காலியோட தூக்கிட்டுப் போவட்டும். அது வரைக்கும் களம்—”

விமானம் ஒன்று கோபுரத்தை உரசுவது போல் தாழ்ந்து கடந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. குணசீலி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். நஞ்சப்பனும், மறுத்துச் சொல்ல உயர்த்திய கையை அப்படியே நிறுத்திக் காத்திருந்தார். இரைச்சல் அகன்றது.

“—மூடித்தான் இருக்கும்,” என்று முடித்தார் குணசீலி.

திரையில் எழுத்துகள் மாறின. ‘கோபுரத்தில் ஆள் இல்லை. மூடல் நீங்கியது. தலைமையகம் திறந்தது.’

குணசீலி அதனை இருமுறை படித்தார். “ஆள் இல்லியா? நான் இருக்கேனே! ஒக்காந்துல்லா இருக்கேன்!”

“போன வாரந்தான் கோபுரத்துக்குள்ளயும் காவற்கண்ணை மாட்டுனாங்க,” என்றார் நஞ்சப்பன். அவர் குரல் மெல்ல இறங்கியது. “நீங்க பயப்படல. அதனால...” அவர் திரையை மீண்டும் நோக்கினார். “என்னையும் எண்ணல. நானும் இங்கதானே நிக்கறேன்?”

இரண்டு ஆண்டுகளில் கருக்கன்விளை அவரைத் தன் வழக்கத்துக்குள் வாங்கிக்கொண்டிருந்தது. அவர் அதனை அறிந்திருக்கவில்லை.

குணசீலி ஒலிவாங்கியைப் பற்றினார். “களம் மூடியது! களம் மூடியது!” ஆளில்லாத அறையிலிருந்து எழும் குரலுக்கு இயந்திரம் செவி கொடுக்கவில்லை. விமானம் ஊருக்குப் பின்னே வட்டமிட்டுத் திரும்பத் தொடங்கிற்று.

“தூரமாத்தான போடும்?” என்றார் அவர், திரும்பிப் பாராமலே. “நீங்க சொன்னீயள்லா?”

“ஆளுக்குத் தூரமாப் போடச் சொல்லித்தான் உத்தரவு.” நஞ்சப்பனின் நெற்றியில் வியர்வை அரும்பியது. “ஆனா அங்க ஆளே இல்லைன்னுல்ல அது பாக்குது! நேரா அவங்க மேலதான் போடும்!”

தேரியில் மக்கள் நின்றார்கள். பனம்பழங்களை ஓலைக் கடகத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊன்றுகோலை மணலில் நட்டு, அதன்மேல் சாய்ந்தபடி ஜெபத்துரை யாரிடமோ கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

“மேடம், பயப்படுங்க! கொஞ்சமாச்சும் பயப்படுங்க! உங்களை எண்ணுச்சுன்னா உங்க சொல்லைக் கேக்கும்!”

“எனக்குப் பயம் இல்லேன்னா நெனைக்கீய?” என்றார் குணசீலி. “எங்கூடப் பொறந்தவன் அங்கன நிக்கான் சார். நெஞ்சுக்குள்ள கெடக்க பயம் அந்த எழவு மெசினுக்குத் தெரியலியே, நான் என்ன செய்ய!”

அவர் நேராக நின்றார். ஒலிவாங்கியை விடாமல், அதே இரு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குனியவில்லை, குனிய அவர் உடல் கற்றிருக்கவில்லை. ஒரு மனிதப் பிறவி தாங்கக்கூடிய அச்சம் முழுவதும் அவருள் நிறைந்திருந்தது. அவருக்கு எதிரே இருந்த கண் அதனைக் காணவில்லை.

விமானம் கோபுரத்தின் மேலாகவே பாய்ந்து வந்தது. நஞ்சப்பன் அண்ணாந்தார். அதன் அடிவயிற்றில் தொங்கிய குண்டுகளைத் தம் பணிக்காலத்தில் முதன்முறையாக, கீழே நிற்பவராகப் பார்த்தார். அவருடைய முழங்கால்கள் மடிந்தன. கைகள் தாமாகத் தலையைப் பொத்தின. விங் கமாண்டர் மேசைக்கு அடியில் சுருண்டு விழுந்தார்.

‘கோபுரத்தில் ஆள்: ஒருவர்.’

“மூடியது!” என்று அவர் தரையிலிருந்து கதறினார். “களம் மூடியது!”

இயந்திரம் ஏற்றது. விமானம் மூக்கை உயர்த்தி, தேரிக்கு மேலாகக் கடலை நோக்கிப் போய்விட்டது. கீழே, கருக்கன்விளையில் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரைச்சல் ஓயும்வரை காத்திருந்த ஜெபத்துரை, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

விசாரணை நடைபெற்றது. காவற்கண் பிழையின்றிச் செயற்பட்டது என்று குழு கண்டது. கோபுரத்தில் அப்போது இருந்தவர் ஒருவரே. அவர் உரிய நேரத்தில் களத்தை மூடினார். எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆதலின் குறை ஏதும் இல்லை. சாட்சியம் அளிக்க முன்வந்த குணசீலியை, நிகழ்வின்போது அங்கு ஆளாக இராதவர் என்று கூறித் திருப்பி அனுப்பினார்கள். அஞ்சாத உருவத்தைப் பாவையாகக் கொள்ளும் அதன் வழக்கத்துக்கு ‘ஏழாம் விதி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்; அது சோதனையில் வென்றுவிட்டதாம். இனி எல்லைகளிலும், கலவரம் நேரும் நகரங்களின் வானிலும் அதுவே விதியாகுமாம். மறுப்புடையோர் எழுதலாம் என்று அறிக்கையின் ஒரு மூலையில் அறிவிப்பும் வெளியிட்டிருக்கிறார்கள்.

மூடியவரே திறக்க வேண்டும். நஞ்சப்பன் திறக்கவில்லை. தலைமையகம் கேட்டது, அதட்டியது, பதவியைப் பறிப்பதாகச் சொன்னது. “முடியாதுங்க” என்பதைத் தவிர அவர் வேறு விடை கூறவில்லை. அவர் கோபுரத்தை விட்டு இறங்குவதும் இல்லை. குணசீலி அவருக்கு அருகே நாற்காலியிட்டு அமர்ந்திருக்கிறார். படிகளில் கருக்கன்விளை மக்கள் முறைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி மேலே செல்ல எந்தக் காவலரும் இதுவரை துணியவில்லை. இசக்கியம்மாள் மீன்குழம்பு கொண்டு வருகிறார். “ஊருக்கு ரெண்டாவது மனுசன் கெடச்சிருக்கு. பட்டினி போட்டா அதுவும் போயிரும்” என்கிறார்.

நஞ்சப்பனை இறக்கத் தலைமையகம் வேறு வழி கண்டிருக்கிறது. கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று சரிபார்க்க, நாள்தோறும் ஒரு விமானத்தை அதன்மேல் பறக்கவிடுகிறார்கள். முதல் நாள் நஞ்சப்பன் மேசைக்கு அடியில் புகுந்தார். சில நாள்களுக்குப் பின் தலையை மட்டும் பொத்தினார். நேற்று அவருடைய தோள்கள் சற்றே அசைந்தன, அவ்வளவுதான். மனித உடல் எதற்கும் பழகிவிடும். அவர் அசையாத நாளில் கோபுரத்தில் ஆள் இராது, களம் திறக்கும், தேரியில் இருப்பவர்கள் பாவைகளாவார்கள். அவரும் இதனை அறிவார். ஒவ்வொரு காலையிலும், “இன்னைக்குப் பயப்பட்டுருவனுங்களா, மேடம்?” என்று குணசீலியிடம் கேட்கிறார்.

இதைப் படித்து முடித்த நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? இரங்கத்தக்க ஊர் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டாதீர்கள். மறுப்பை எழுதுங்கள். ஏழாம் விதியை நீக்கு என்று எழுதுங்கள். பணிந்து வேண்டாதீர்கள், ‘தயவுகூர்ந்து’ என்று தொடங்காதீர்கள். அஞ்சுகிறவரும் மனிதர், அஞ்சாதவரும் மனிதர், அஞ்சி அஞ்சி அலுத்துப்போனவரும் மனிதர் என்று எழுதி, உங்கள் பெயரைத் தெளிவாக இடுங்கள். நஞ்சப்பனின் அச்சம் தீருமுன் எழுதுங்கள். இன்றே எழுதுங்கள்.